நாரைகள் எழுந்த காலை

அவளுடைய கைப்பேசி அலறியதும் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த நாரைக் கூட்டம் ஒரே வீச்சில் எழுந்து பறந்துவிட்டது.

குப்புறப் படுத்திருந்த எட்டுப் பேரும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்த நெட்டையன் மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்... ரயிலைத் தவறவிட்டவன் போல.

அழைத்தது ஆஸ்பத்திரி. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நான்காம் படுக்கைக்காரருக்கு மருந்தின் அளவு புரியாமல் புதிதாகச் சேர்ந்தவள் தவித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தாள் இவள்.

"விடியறதுக்கு முன்னாலேர்ந்து காத்திருந்தேன்," என்றான் நெட்டையன் மெதுவாக.

"உங்க நாரை இன்னொரு நாள் வரும். அங்க படுத்திருக்கறவர் போனா வரமாட்டார்."

சொன்னவளுக்குக் கோபம்கூட இல்லை... அசதி. பதினோரு நாள் விடுப்பில்லாமல் உழைத்தவளை, அப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அக்காதான் விடாப்பிடியாக இந்த வசந்தகாலப் பறவைப் பயணத்தில் ஏற்றிவிட்டிருந்தாள். இவளுக்கோ காக்கைக்கு மேல் ஒரு பறவையும் தெரியாது.

மதியம் வேன் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் நின்றது. மற்றவர்கள் வாத்துகளை எண்ணப் போனார்கள். அவள் கரைச் சரிவில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஒரே ஒரு நிமிஷம்...

விழித்தபோது மழை. தலைக்கு மேல் சடசடவென்ற சத்தம். கேமராவின் முக்காலியில் ஒரு மழைக்கோட்டு கூடாரம் போல விரிந்திருந்தது. இரண்டு முழம் தள்ளி நெட்டையன் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தான். இமைகளில் துளிகள் கோத்திருந்தன. அவளைப் போலவே பல நாள் தூக்கம் பாக்கியிருக்கும் கண்கள்.

"எழுப்பியிருக்கலாமே..."

"காலையில சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். எழுப்பினா இன்னொரு தடவை திட்டு விழுமோன்னு பயம்."

அவன் மின்சார அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் சொல்பவனாம். கரண்ட் போனாலும் திட்டு, மழை பெய்தாலும் திட்டு. பறவைகள் திட்டுவதில்லை, அதனால்தான் இங்கே வருகிறானாம்.

"அப்ப இந்த மழைக்கும் நீங்கதான் காரணமா?"

"புகார் எழுதிக்கட்டுமா?"

சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று... அந்தச் சிரிப்பின் தைரியத்தில் வீட்டுக் கதையும் வந்துவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து மூன்று வருஷமாகிறது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அவரை ஏதாவது ஒரு விடுதியில் சேர்த்துவிடச் சொன்னார்கள். அவளே எழுந்து வாசலைக் காட்டினாள்.

"பாவங்க நீங்க," என்றான் அவன், யோசிக்காமல்.

அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "பரிதாபப்பட நிறைய பேர் இருக்காங்க. நீங்க பறவையைப் பாருங்க," என்று எழுந்து மழையிலேயே நடந்தாள். திரும்பும் வழி முழுக்க டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துடைத்துத் துடைத்து மாளாத கண்ணாடியையே பார்த்தபடி வந்தாள்.

அந்தி சாயும் நேரம் வேன் பஸ் நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டது. அவன் பின்னாலேயே வந்து நாலடி தள்ளி நின்றான்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேங்க. நீங்க தூங்கறப்போ தண்ணியில ஒரு விராலடிப்பான் இறங்கிச்சு. மீன் பிடிக்கிற கழுகு. அஞ்சு வருஷமா தேடறேன், எதிர்லயே வந்து மீனைத் தூக்குது. கேமராவை எடுக்க முக்காலியை நகர்த்தினா கோட்டு சரிஞ்சு உங்க மேல மழை விழும்..." அவன் நிறுத்தினான். "நான் நகர்த்தல. பரிதாபம்னா கோட்டைப் போத்திவிட்டுப் போயிருப்பேன். எனக்கு அங்கேயே உக்காந்திருக்கணும்போல இருந்துது. இப்பவும் அப்படித்தான் இருக்கு."

ஒரு பஸ் வந்து, காத்திருந்து, போயிற்று. அவள் ஏறவில்லை.

"அப்பாவை ராத்திரி மூணு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும்," என்றாள்.

"கத்துக்கொடுங்க."

அவள் தலை குனிந்தது. குரல் அவளுக்கே கேட்காத அளவு இறங்கியது.

"மூணு வருஷமா என் ஒரு காது தூங்கினதே இல்ல... கட்டில் கிறீச்சிட்டாலும் எழுந்துடுவேன். இன்னிக்கு மழை வந்ததுகூடத் தெரியல. பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னு இந்த உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு... எனக்குத்தான் தெரிய இவ்வளவு நேரம் ஆயிடுச்சு."