மேல்வரிசையில் ஓரிடம்

படத்தில் ஒரு இருக்கை கறுத்திருந்தது. ஜெனோஜா டேப்லெட்டைச் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தாள். கறுப்பு போகவில்லை.

லண்டன் நகரின் நடுவே, ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது அகப்பட்ட ரோமர் காலத்து நாடக அரங்கு அது; அதை அளந்து பதிவது ஜெனோஜாவின் வேலை. மேடையைச் சுற்றி அரைவட்டமாக ஏழு வரிசைக் கற்படிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உயர்ந்து, கடைசி வரிசை இருட்டைத் தொட்டது. மேடையில் ஊசி விழுந்தாலும் அங்கே கேட்கும்படி கட்டியிருந்தார்கள். ஈரக்களிமண் நாற்றத்துக்குள் லேசர் கருவி மேடையில் நின்று சுழன்று, கல்லுக்குக் கல் அளந்து டேப்லெட்டில் படம் வரைந்தது. லேசர் படாத இடம் மட்டும் கறுப்பாக விழும். படாமலிருக்க, யாராவது மறைக்க வேண்டும்.

கருவி சுழலும்போது எதிரே ஆள் இருக்கக்கூடாது. அது ஜெனோஜாவுக்குத் தெரியாததல்ல. அவள் மேடைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கித்தான் நின்றாள். ஆனால், முழங்கால் வலியோடு இருந்த அண்ணன் றமணனை ஈஸ்ட் ஹாம் வீட்டிலிருந்து உதவிக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான். ஒவ்வொரு தடவையும் அவனை ஏணி ஏறி வெளியே போகவைக்க மனமில்லாமல், "மேல்வரிசையில ஆடாமல் இருங்கோ அண்ணை" என்றிருந்தாள். இந்த இளகிய மனசு எப்போதும் அவளுடைய வேலையைக் கெடுக்கும்.

படத்தில் அண்ணன் தெளிவாக இருந்தான். கறுப்பு, அவனுக்கு இடப்பக்கத்து இருக்கையில்.

கருவிதான் பிழைவிட்டது என்று மறுபடி சுழலவிட்டாள். இம்முறை மேல்வரிசையில் பாதி கறுத்தது. முன்னால் வந்து டோர்ச் அடித்தாள். வெறுங்கல். நடுவில் அண்ணன் மட்டும், நெரிசலான பஸ்ஸில் இருப்பவனைப் போலத் தோள்களை ஒடுக்கிக்கொண்டு.

"அண்ணை, இவ்வளவும் காணும். எழும்பி வாங்கோ."

"ஏலாது பிள்ளை. நெருக்கமாக் கிடக்குது."

"என்ன பகிடியே?"

எங்கிருந்தோ ஒரு இருமல், வாயைப் பொத்தி அடக்கியது. அண்ணனுடையதல்ல.

அவள் தொடாமலே கருவி சுழலத் தொடங்கியது. டேப்லெட்டில் முதல் வரிசை கறுத்தது. இரண்டாவது. மூன்றாவது. ஏணி பக்கத்தில்தான் இருந்தது. அண்ணனை விட்டுவிட்டு ஓட அவளால் முடியாது.

படிகளில் ஏறினாள். எதுவும் இல்லை. ஆனாலும் பக்கவாட்டில் நுழைந்துதான் போக முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத முழங்கால்கள் இடித்தன. துணி உரசல். பழைய எண்ணெய் வாடை.

அண்ணனின் கையைப் பிடித்தாள். ஐஸ். அவன் அவளைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருவி நின்றது. படத்தில் அரங்கு முழுக்கக் கறுப்பு. அண்ணனும் கறுப்பு. வெளிச்சமாயிருந்தது ஆளில்லாத ஒரே ஒரு இருக்கை, அவனுக்கு வலப்பக்கம்.

அண்ணன் அதன் தூசியைத் மற்றக் கையால் தட்டிவிட்டான்.