உடை மாற்றும் அறையில் போன சங்கிலி

"அப்போ வலியே இல்லன்னு சொல்றீங்க."

"துளிகூட இல்ல மேடம். படுக்க வெச்சாங்க, கண்ண மூடினேன், முடிஞ்சிது. வெளிய போய் டீ குடிச்சிகினு இருந்தேன். அதுக்கப்புறம்தான் வின்னி உள்ள போனா. சங்கிலி எப்டி போச்சின்னு எனக்கு இன்னா தெரியும்? பெருக்கற சரோஜம்மாவ கேளுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் ஷில்பா தலையசைத்தாள். காலை பதினொன்றரை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருத்துவமனை. மார்பகக் கட்டியைக் கண்டறியும் மேமோகிராம் படம் எடுக்க ஓரகத்திகள் இருவரும் கோரமண்டலிலிருந்து ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள். மூத்தவள் ரெஜினா, இளையவள் வின்னி. வின்னி கழற்றிப் பையில் வைத்த சங்கிலி, அவள் படம் எடுத்துத் திரும்புவதற்குள் மறைந்துவிட்டது. கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சரோஜம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அவள் துடைப்பத்தை விடாமல் சுவரோரம் நின்றாள்.

"சங்கிலி யார் கொடுத்தது?"

"அத்தை," என்றாள் வின்னி.

"மூத்த மருமக நானு. போட்டது இவ கழுத்துல," என்றாள் ரெஜினா.

"இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா?"

"பவுடர், சென்ட் கூடாது, மேல்சட்டை மட்டும் கழட்டற மாதிரி துணி போட்டுகினு வாங்கன்னு போன் பண்ணாங்க மேடம். அக்காகிட்டயும் சொன்னேன்."

"இவ சொல்லி நான் கேக்கணுமா?" ரெஜினா முந்தானையால் கழுத்தை ஒற்றினாள். பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கி, ரவிக்கைக்குள் போயிருந்தது. "மைன்ஸ்ல ஷிப்ட் முடிஞ்சி ஏறி வர்றவங்கள தங்கம் இருக்கான்னு தடவிப் பார்ப்பாங்களே, அப்டி சரோஜம்மாவ பாருங்க."

"பார்க்கலாம். முதல்ல உங்க பை."

பையில் சிறிய பவுடர் டப்பா. ஷில்பா மூடியைக் கழற்றிக் கைக்குட்டையில் கவிழ்த்தாள். வெள்ளைத் தூளோடு சங்கிலி விழுந்தது.

"போன வருஷம் நானும் எடுத்துகிட்டேன்," என்றாள் ஷில்பா. "படுக்க விடமாட்டாங்க ரெஜினா. நிக்க வெச்சு, ரெண்டு தட்டுக்கு நடுவுல அமுக்கி, மூச்சப் பிடிக்கச் சொல்வாங்க. கொஞ்ச நேரம்தான், ஆனா வலிக்கும். பவுடர் படத்துல வெள்ளைப் புள்ளியா விழும். துடைக்காம மெஷின்கிட்ட விடவே மாட்டாங்க. காலையில போட்டது உங்க மேல அப்படியே இருக்கு. நீங்க உள்ள போகல. துணி மாத்தற ரூமுக்குப் பக்கத்து பாத்ரூம்ல இருந்திருக்கீங்க."

"மூணு தடவ கூப்ட்டேன், வரல. அதான் அடுத்தவங்கள எடுத்தேன்," என்றாள் படம் எடுக்கும் பவ்யா, கதவோரமிருந்து.

சரோஜம்மா பெருக்கப் போனாள்.

ரெஜினா பெஞ்சில் உட்கார்ந்தாள். "மார்ல ஒரு கட்டி தட்டுப்படுது மேடம். பேரக் கூப்ட்டப்ப கால் வரல. எனக்கு ஒண்ணு ஆயிட்டா என் வீடு, என் புள்ளைங்க, எல்லாத்துக்கும் என் எடத்துல இவதான் நிப்பா. அத்தை சங்கிலி மாதிரி அதுவும் இவளுக்கா? அத நெனச்சிகினே பாத்ரூம்லருந்து வெளிய வந்தேன். இவ பை தெறந்து கெடந்துச்சி."

வின்னி சங்கிலியின் கண்ணிகளிலிருந்து பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பவ்யா ஈரத்துணி ஒன்றை ரெஜினாவின் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்தாள்.

"வின்னி," என்றாள் ரெஜினா. "எங்கூட உள்ள வர்றியா? கதவு வரைக்கும் வந்தா போதும்."