குரங்குப் பாறை வளைவில் ஒரு மஞ்சள் பனியன்!

மலையை அடக்கியவர்கள் இந்தப் பூமியில் இரண்டே பேர்.

ஒருவர், முருகப் பெருமான்.

இன்னொருவர், திருப்பூர் மயில்சாமி!

வெற்றிமலை பனியன் கம்பெனி வாசலில் கட்டியிருந்த துணித் தட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இரண்டாமவருக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு.

மேடையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான் மயில்சாமி. தாடையிலிருந்து முழங்கால் வரை சாமந்தி மாலைகள். பக்கத்தில் அவனுடைய சைக்கிள். அதற்கும் மாலை.

முதலாளி சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். பட்டு ஜிப்பா. பீப்பாய் உடம்பு.

"ஊட்டி ரோட்டுல ஏறியாச்சு! வால்பாறை ரோட்டுல ஏறியாச்சு! நேத்து, கோத்தகிரி ரோடு! துணைக்கு யாருமில்லே... ஒத்தை ஆளு! அந்த சிங்கத்தோட நெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருந்தது என்னது? நம்ம வெற்றிமலை பனியன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"கண்ணு, வா. எங்கே நின்னே, என்ன பண்ணினேன்னு நீயே சொல்லு."

மயில்சாமி எழுந்தான். காலையில் காரில் வரும்போது முதலாளி சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான்.

"வெடியால மேட்டுப்பாளையத்துல கெளம்பினனுங்க. பத்து மணிக்குக் குரங்குப் பாறை வளைவு. அங்கே நின்னு மூச்சு வாங்கினனுங்க. கீழே பார்த்தா... கெடுகெடுன்னு பள்ளம்! எனக்கு ஒரு பயமும் இல்லீங்க!"

விசில் பறந்தது!

"பத்து மணிதானே? நல்லா ஞாபகம் இருக்குதா?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். காக்கிச் சட்டை. சப்-இன்ஸ்பெக்டர் அர்த்தநாரி!

"ஆமாங்க சார்! பத்து மணிதான்!" என்று மயில்சாமிக்காகக் கூட்டமே பதில் சொன்னது.

அர்த்தநாரி மேடை ஏறினார்.

"குரங்குப் பாறை வளைவுக்குக் கீழே ஒரு பொணம் கெடந்துது. பஸ் கண்டக்டர் மணியன். நேத்துப் பத்து மணிக்கு யாரோ புடிச்சுத் தள்ளியிருக்காங்க. அந்த நேரத்துல அங்கே யார் இருந்தாங்கன்னு மேட்டுப்பாளையம் போலீஸ் தேடிக்கிட்டு இருக்குது..."

மைக்கை ஒரு விரலால் தட்டினார்.

"...நீ மைக் போட்டுச் சொல்றே!"

மயில்சாமி மைக்கை விட்டு இரண்டடி பின்வாங்கினான்.

* * *

கம்பெனி ஆபீஸ் அறை. கதவு சாத்தப்பட்டது. வெளியே போலீஸ்காரர் காவல். அறையில் மூன்றே பேர்.

மேஜையில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார் அர்த்தநாரி.

உள்ளே... கிழிந்த துணி! கழுத்துப் பட்டையோடு ஒரு கை அகலம். மாம்பழ மஞ்சள்!

"மணியனோட கைப்பிடியில இருந்தது. விழும்போது தள்ளினவன் கழுத்தைப் புடிச்சிருக்கான்."

"ஐயோ! இது நம்ம மயில்சாமி பனியனுங்க!" சென்னியப்பன் பதறினார். "மஞ்சக் கலரு அவனுக்காகவே சாயம் போட்டது. ஊருக்கே தெரியுமுங்க!"

"மாலையைக் கழட்டு" என்றார் அர்த்தநாரி.

ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசி மாலையும் விழுந்தது. உள்ளே மஞ்சள் பனியன்.

ஒரு நூல்கூடக் கிழியவில்லை!

"ரெண்டு குடுத்தனுங்க" என்றார் சென்னியப்பன், இமைக்காமல். "ஒண்ணு கிழிஞ்சிருக்கும். இது இன்னொண்ணு."

மயில்சாமி முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

ஒன்றுதானே கொடுத்தார்? அதுவுமில்லாமல், நேற்று அவன் அந்த மலைக்கே போகவில்லை என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் எதிரே நின்றுகொண்டு, அதைச் சொல்லாமல் விசிறியால் விசிறிக்கொள்கிறார்!

இரண்டு வாசல். மலையில் ஏறினேன் என்றால் கயிறு. ஏறவில்லை என்றால் மானம்.

மானத்தோடு தொங்குவதா? கழுத்தோடு கூனுவதா?

வயிறு முடிவு செய்தது.

"சார்... நான் மலைக்கே போகலீங்க!"

"என்னது?"

"எப்பவுமே சைக்கிள்ல ஏறினதில்லீங்க. ஊட்டி, வால்பாறை எல்லாமே மணியன் பஸ்ஸுங்க. கூரை மேல சைக்கிளு, உள்ளாற நானு. ஊர் எல்லையில எறங்கிக்குவனுங்க."

"அப்ப நேத்து எங்கேய்யா இருந்தே?"

"காங்கேயத்துல... மொதலாளியோட கொப்பரைக் குடோன்லீங்க. 'இந்தத் தடவை பஸ்ஸும் வேண்டாம், யார் கண்ணுலயும் படாதே'ன்னு சொல்லி முந்தாநாள் ராத்திரியே வெளியில பூட்டிட்டாருங்க. திங்க ஒண்ணுமில்லீங்க. நேத்துப் பூரா கொப்பரைதானுங்க. அதான் வயிறு..."

"பார்த்தவங்க?"

"எலிங்க இருந்துதுங்க."

சென்னியப்பன் சிரித்தார்.

"பயத்துல ஒளர்றான், சார். தேங்காய் குடோன்ல சிங்கத்தைப் பூட்டுவாங்களா?"

"இருங்க. ஏன்யா, மணியனுக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் தகராறா?" என்று மயில்சாமி பக்கம் திரும்பினார் அர்த்தநாரி.

"மொதலாளிகிட்ட மேட்டுப்பாளையத்துக்குப் பனியன் ஏஜென்ஸி கேட்டானுங்க. குடுக்கலைன்னா விழா மேடையில ஏறி, பஸ் கதையைப் போட்டு ஒடைச்சிருவேன்னானுங்க."

"ஒடைச்சா யார் மானம் போகும்?"

"என்ற மானமுங்க..."

"அப்ப அவனைத் தள்ளறதுக்கு உனக்கும்தான்யா காரணம் இருக்குது! நீயே வாயைக் குடுத்து நீயே மாட்டிக்கிறே!"

மயில்சாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு... அதுவும் பூட்டு!

"கூட்டிட்டுப் போங்க, சார்" சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புள்ளையாட்ட வளர்த்தேன். வக்கீல் செலவு கம்பெனியோடது."

மயில்சாமி மேஜையை வெறித்தான். மஞ்சள் துணி. கழுத்துப் பட்டை. அதன் உள்பக்கம்... ஏதோ நீல மை!

"சார்! அந்தப் பட்டையைத் திருப்புங்க! சைஸ் முத்திரை இருக்குமுங்க!"

அர்த்தநாரி திருப்பினார்.

"நாப்பத்திரெண்டு."

"என்ற பனியனைப் பாருங்க!" கழற்றியே நீட்டிவிட்டான்.

"முப்பது."

அர்த்தநாரி அவனுடைய நெஞ்சைப் பார்த்தார். எலும்பு எண்ணலாம்.

"முப்பதுன்னா..."

"பள்ளிக்கூடப் பசங்க சைஸுங்க" என்றான் மயில்சாமி, தரையைப் பார்த்து. "வெளியில சொல்லிப்போடாதீங்க."

"நாப்பத்திரெண்டு ஊர்ல ஆயிரம் பேர் போடறான்!" சென்னியப்பன் குரல் உயர்ந்தது.

"ஆனா மஞ்சக் கலர்ல போட மாட்டாங்கல்லோ!" மயில்சாமி குரலும் உயர்ந்தது. பயம் எல்லை தாண்டினால் ஒரு வகைத் தைரியம் வருமே, அது. "சார், ஒத்தைப் பனியனுக்காக யாராச்சும் சாயத்தொட்டி போடுவாங்களா? கட்டுப்படியாகுமுங்களா? ஒரு ரோல் துணியவே முழுசா நனைச்சாங்க. எனக்கு வெட்டினது ஒண்ணு. மிச்சத் துணி எங்கே போச்சுன்னு கேளுங்க!"

"எங்கே போச்சு?"

"அவரு மேலீங்க! மிச்சம் விழற துணியில தன் சைஸுக்கு வெட்டித் தெச்சுக்குவாருங்க. கடை பனியனைத் தொடவே மாட்டாரு. கட்டிங் மாஸ்டரைக் கேளுங்க. கம்பெனியே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குமுங்க!"

விசிறி நின்றது.

அர்த்தநாரி மெதுவாக எழுந்தார்.

"ஏனுங்க, மொதலாளி... கொஞ்சம் ஜிப்பாவைக் கழட்டறீங்களா?"

"எதுக்குங்க? புழுக்கமே இல்லீங்களே."

"கழட்டுங்க!"

தங்கப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பட்டு விலகியது.

கழுத்தில் மூன்று நகக் கீறல்கள். சிவப்பாக. புதிதாக.

கீறல்களுக்குக் கீழே...

மாம்பழ மஞ்சளில் ஒரு பனியன்! சைஸ் நாற்பத்திரண்டு!

அர்த்தநாரிக்கே ஒரு கணம் வாய் திறந்துவிட்டது.

"யோவ்! கொலை பண்ணின மறுநாளும் அதே துணியில இன்னொண்ணைப் போட்டுட்டு வர்றவனை இப்பத்தான்யா பார்க்கறேன்!"

சென்னியப்பன் நாற்காலியில் சரிந்தார்.

"மூணு தெச்சேனுங்க... ஒண்ணு கிழிஞ்சு போச்சு. மிச்சம் ரெண்டும் நல்ல துணிங்க. எப்பிடிங்க தூக்கிப் போடறது?"

"மணியனை மட்டும் தூக்கிப் போட்டீங்க?"

"பேசி அனுப்பலாம்னுதானுங்க வளைவுக்கு வரச் சொன்னேன். 'என்ற பஸ்ல டிக்கெட் எடுத்த பூனைதான் உங்க சிங்கம்'ன்னு சிரிச்சானுங்க. இத்தனை வருச விளம்பரமுங்க..."

"பேசி அனுப்பறவரு எதுக்கு முந்தின நாளே இவனைக் குடோன்ல பூட்டினீங்க?"

சென்னியப்பன் விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை நீட்டினார். விலங்கு மாட்டும் சத்தம் வந்தது.

* * *

அறைக்கு வெளியே கூட்டம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் முதலாளி ஏற்றப்பட்டதைப் பார்த்து வாய் பிளந்தது.

அர்த்தநாரி படியில் நின்று கையை உயர்த்தினார்.

"கொலைகாரன் அம்புட்டுட்டான்! மயில்சாமி மேல ஒரு குத்தமும் இல்லே! கண்டுபுடிச்சதே அவருதான்!"

"சிங்கம்டா!" என்று ஊர் முழங்கியது.

மயில்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர்.

"சார்... அந்த பஸ் சமாச்சாரம்..."

"கோர்ட்டுல கேக்கறப்போ சொல்லு. அது வரைக்கும் நீ சிங்கமாவே இருந்துக்கோ, போ."

கழுத்தும் தப்பியது! மானமும் தப்பியது! மயில்சாமி முதன்முறையாக நிமிர்ந்து நின்றான். முப்பது முப்பத்திரண்டானது போலிருந்தது.

அப்போதுதான் மடிப்புப் பிரிவு மருதாள் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்கண்ணா! ஒவ்வொரு தடவையும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வர்றீங்க, தள்ளிக்கிட்டே போறீங்க! இன்னிக்காச்சும் ஊருக்குள்ள ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க!"

"ஆமா! ஓட்டோணும்! ஓட்டோணும்!"

நான்கு பேர் சைக்கிளைத் தூக்கி வந்து முன்னால் நிறுத்தினார்கள். தவில்காரர் வாரைத் தோளில் மாட்டினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. முன்னால் வெறும் ரோடு. பின்னால் சுவர். இரண்டு பக்கமும் முகங்கள்!

மயில்சாமி ஜீப்பை நோக்கி ஓடினான்.

"சார்! சார்! ஸ்டேஷன் லாக்கப்புல எடமிருக்குதுங்களா?"

"உனக்கு எதுக்குய்யா? நீதான் நிரபராதி ஆச்சே!"

"நானும் தள்ளினேன்னு எழுதிக்குங்க, சார்! எங்கே வேணா கையெழுத்துப் போடறேன்!"

"ஏன்யா, புத்தி கெட்டுப் போச்சா? ஊரே ஆசையாக் கேக்குது. தெருவுல ஒரு சுத்துதானே? ஓட்டிட்டுப் போயேன்!"

மயில்சாமி ஜீப்புக்குள் ஒரு காலை எடுத்து வைத்தான்.

மயில்சாமிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.