குழாய்க்குள் போனது யார்

காலை 7.52.

பன்னிரண்டாம் எண் பை ஆணியில் தொங்கியபடிதான் இருந்தது. உள்ளே கைபேசி இல்லை.

வைரவன் பையைத் தலைகீழாக உதறினான். ஒரு சீப்பும் கேம்ப் அட்டையும் விழுந்தன. அவன் மேலெல்லாம் சேறு. ஓடி முடித்து ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"உமாபதி, என் போன் எங்கே?"

பைக் கூடாரத்துக்குக் காவல் இருந்த உமாபதி விழித்தான். "பை கீதுல்ல? போன் மட்டும் எங்கப்பா போவும்?"

"அதைத்தான் உன்கிட்ட கேக்குறேன்."

ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில், சிமெண்ட் ஆலைக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை நடக்கும் தடை ஓட்டம் அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். சுவர், தண்ணீர்த் தொட்டி, குழாய், சேற்றுக்குழி, கயிறு. இந்த வரிசையில் தாண்ட வேண்டும். குழாய் நாற்பது மீட்டர் நீளம், நடுவில் ஒரு வளைவு. ஆலை யார்டில் கிடந்ததைத் தூக்கி வந்து, வெளியே மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள். அது குன்றுக்குப் பின்னால் கிடந்தது. அங்கே கண்காணிக்க ஆள் இல்லை. வெளிவாயில், பழைய டயர் அடுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில், இரண்டு கூடைகள். உள்ளே ஊர்ந்து வந்தவன் சிவப்பு ரப்பர் வளையம் எடுத்துக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பயமாக இருக்கிறது என்பவன் முப்பது தோப்புக்கரணம் போட்டுவிட்டு வெள்ளை வளையம் எடுக்கலாம். எல்லாம் நம்பிக்கையில் விட்டது.

வைரவன் கையில் சிவப்பு வளையம் இருந்தது. அதைப் பார்த்த எவனும் நம்பவில்லை.

காரணம் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் சைலோவுக்குள், அதாவது சிமெண்ட் கொட்டி வைக்கும் கோபுரத்துக்குள், கட்டி தட்ட இறங்கினார்கள் வைரவனும் அருள்ராஜும். மேலே ஒட்டியிருந்த சிமெண்ட் சரிந்தது. வைரவன் கழுத்தளவு புதைந்து பிழைத்தான். அருள்ராஜுக்கு இரண்டு காலும் நசுங்கி, இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அன்றிலிருந்து வைரவன் அறைக் கதவைச் சாத்தவிடுவதில்லை. குளிக்கும்போதும் கதவு திறந்துதான் இருக்கும். கேம்ப்பே சிரித்தது.

அருள்ராஜ் தானாகவே பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார் சூப்பர்வைசர் முரளிதரன். வைரவனுக்குப் பயத்தில் புத்தி கலங்கிவிட்டது, அவன் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். திங்கட்கிழமை விசாரணை. அருள்ராஜ் பக்கம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வைரவனின் கைபேசிக்கு விபத்து நடந்த அன்று காலை வந்த முரளிதரனின் குரல் செய்தி.

இப்போது அதுவும் இல்லை.

8.05. முதலுதவி மேசையிலிருந்து எழுந்து வந்தாள் நாகஜோதி. கேம்ப் கிளினிக் நர்ஸ், விருதுநகர்ப் பக்கம். காலையிலிருந்து முழங்கை எரிகிறது, முழங்கால் எரிகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவி அவள் கை ஊறிப்போயிருந்தது.

"அண்ணே, அந்த வாய்ஸை வேற யாருக்காச்சும் அனுப்பி வச்சீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"ஏன்?"

வைரவன் தரையைப் பார்த்தான். "அனுப்பினா நான்தான் அனுப்புனேன்னு தெரிஞ்சிரும்ல. விசா கேன்சல் பண்ணிருவாகன்னு பயம். திங்கக்கிழமை நேரா காட்டிக்கிருவோம்னு இருந்துட்டேன்."

நாகஜோதி திட்டவில்லை. உமாபதியிடம் திரும்பினாள்.

"நீங்க கூடாரத்தை விட்டு எப்போ போனீங்க?"

"ஏழே காலு. ஐஸ் பொட்டியத் தூக்கினு உங்ககிட்டதான வந்தேன்? பத்து நிமிசத்துல திரும்பிட்டேன்."

"நான் ஐஸ் கேக்கலையே."

"முரளி சார் காலைலயே சொல்லி வச்சாரு, ஏழே காலுக்குக் கொண்டுபோய்க் குடுன்னு."

அவள் தலையாட்டினாள். நேரம் குறித்துக்கொண்டிருந்த ரிஷியின் தாளை வாங்கிப் பார்த்தாள். கூடாரத்துக்கு முன்னால் முழுக்கக் கூட்டம், யார் கண்ணிலும் படாமல் உள்ளே வரக் குன்றுப் பக்கம் மட்டும்தான் வழி. அந்தப் பத்து நிமிடத்தில் குன்றுக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். பதினொன்றாம் எண் முரளிதரன், புறப்பட்டது 7.05, முடித்தது 7.35. பன்னிரண்டாம் எண் வைரவன், புறப்பட்டது 7.10, முடித்தது 7.46. மற்றவர்கள் ஒன்று அதற்கு முன்பே குழாயைத் தாண்டிவிட்டார்கள், இல்லை அதுவரை வந்து சேரவில்லை. குன்றிலிருந்து கூடாரத்துக்கு ஓடினால் இரண்டு நிமிடம்.

இரண்டு பேர் கையிலும் சிவப்பு வளையம்.

8.30. எல்லாரும் கூடாரத்தடியில் கூடினார்கள். மேனேஜர் ஸ்ரீகாந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போலீஸைக் கூப்பிடலாமா சிஸ்டர்?"

"கூப்பிடலாம் சார். பத்து நிமிஷம் பொறுங்க."

முரளிதரன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டி ஊதினார். கோயம்புத்தூர்க்காரர், சத்தமாகப் பேசமாட்டார்.

"இதுல என்னங்க பெரிய மர்மம்? போனை அவனே ஒளிச்சு வச்சிருக்கான். அதுல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா மானம் போயிரும்ல. பைப்புக்குள்ள போனேங்கறான். பாத்ரூம் கதவைச் சாத்தமாட்டான், இவன் நாப்பது மீட்டர் ஊர்ந்தானாம். வளையத்தை எடுத்து மாட்ட எத்தனை நேரமாகும்?"

சிலர் சிரித்தார்கள். வைரவன் நிமிர்ந்தான்.

"போனேன் சார்."

"எப்படிப் போன?"

"நாலு தடவை தலையை விட்டு வெளிய எடுத்தேன். அஞ்சாவது தடவை போயிட்டேன். அதே பொடி வாசம் சார், சைலோவுல அடிச்ச வாசம். வளைவுக்கிட்ட முன்னாடியும் தெரியல, பின்னாடியும் தெரியல. அங்கனயே படுத்துக் கெடந்தேன். எம்புட்டு நேரம்னு தெரியாது. அருளு வந்து உள்ள இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சேன். ஊர்ந்துட்டேன்."

சிரிப்பு நின்றது.

நாகஜோதி கேட்டாள். "நீங்க சார்? உள்ளே எப்படி இருந்துச்சு?"

"இருட்டு. தொட்டியில நனைஞ்சு வந்ததால வழுக்கிட்டே போயிட்டேன். ஏழு நிமிஷம்."

"வழுக்குச்சா?"

"ஆமாங்க. பைப்புன்னா வழுக்கத்தானே செய்யும்?"

"கை காலெல்லாம் எரியுதா?"

"எதுக்கு எரியணும்? எனக்கு ஒண்ணுமில்ல."

"சரி சார். ரெண்டு பேரும் பக்கத்துல வந்து நில்லுங்க."

அவள் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் எடுத்து வந்தாள். முரளிதரனின் முழங்கால் மேல் ஒரு குவளை ஊற்றினாள். சேறு கரைந்து ஓடியது. நீலத் துணி வெளியே வந்தது, சொதசொதவென்று காலில் ஒட்டிக்கொண்டது.

வைரவனின் முழங்காலில் ஊற்றினாள். சேறு போனது. அடியில் சாம்பல் நிறம் போகவில்லை. இன்னொரு குவளை. போகவில்லை. அவள் விரலால் தட்டினாள். அட்டையைத் தட்டினதுபோல் சத்தம் வந்தது.

கூட்டத்தில் இருந்த பாதிப் பேருக்கு அப்போதே புரிந்துவிட்டது. சிமெண்டில் உழல்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நனைந்த துணியில் பொடி பட்டால் வெயிலில் விறைத்துவிடும். துவைத்தாலும் போகாது. அதனால்தான் எவனும் ஈர உடுப்போடு பொடிப் பக்கம் போகமாட்டான்.

ஸ்ரீகாந்துக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சார், இது ஆலையில சிமெண்ட் ஓடின பைப். வெளியேதான் பெயிண்ட் அடிச்சாங்க, உள்ளே யாரும் கழுவல. தொட்டியில நனைஞ்சுட்டு அதுக்குள்ள போன அத்தனை பேருக்கும் முழங்காலும் முழங்கையும் வெந்துபோயிருக்கு. காலையில இருந்து பதினாலு பேருக்குக் கழுவி விட்டேன். பைப்புக்கு அடுத்தது சேற்றுக்குழி. எல்லார் மேலயும் சேறு ஒரே மாதிரி ஒட்டினதால பார்வைக்கு வித்தியாசம் தெரியல. வைரவன் அண்ணன் கையைத் திருப்பிப் பாருங்க."

வைரவன் முழங்கையைத் திருப்பினான். தோல் சிவந்து உரிந்திருந்தது.

"முரளி சார் கையைக் காட்டுங்க."

முரளிதரன் காட்டவில்லை.

"நீங்க பைப்புக்குள்ள போகல சார். அந்த ஏழு நிமிஷத்துல கூடாரத்துக்கு ஓடியிருக்கீங்க. உமாபதி அங்கே இருக்கக்கூடாதுன்னு காலையிலேயே ஏற்பாடு பண்ணிட்டீங்க. வைரவன் அண்ணன் பைப்புக்குப் பயந்து வெள்ளை வளையம்தான் எடுப்பாருன்னு நினைச்சீங்க. அவரு சிவப்போட வந்ததும் திருடிப் போட்டுக்கிட்டான்னு சொல்லிட்டீங்க. திருடிப் போட்டுக்கிட்டது நீங்க."

"போன் எங்கிட்ட இருக்கா? சோதிச்சுக்கங்க."

"உங்ககிட்ட இருக்காது. அடுத்தது சேற்றுக்குழி, நெஞ்சளவு. போனோட இறங்கினா வழியில எங்கேயாச்சும் விழும், எவனாச்சும் எடுப்பான். அதனால குழிக்கு முன்னாடியே வச்சிருப்பீங்க, அப்புறமா வந்து எடுத்துக்கலாம்னு. பைப் வாயிலுக்கும் குழிக்கும் நடுவுல ஒளிக்கிற மாதிரி இருக்கறது பழைய டயர் அடுக்கு ஒண்ணுதான்."

உமாபதி அவள் முடிக்குமுன்பே ஓடினான்.

8.51. மூன்றாவது டயருக்குள்ளிருந்து கைபேசியை எடுத்து வந்தான். தூசிகூட ஒட்டவில்லை.

முரளிதரன் ஓரடி நகர்ந்தார். வைரவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பண்ணு. இது வெளிய போச்சுன்னா அடுத்த வாரம் நீ ஊருல இருப்ப. பதினேழு வருஷ வேலை. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

"நேத்து வரைக்கும் அதைத்தான் சார் நெனச்சு நெனச்சு ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தேன்," என்றான் வைரவன். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

அவன் ரிஷியிடம் போய் மைக்கைக் கேட்டான். ரிஷி ஸ்ரீகாந்தைப் பார்த்தான். ஸ்ரீகாந்த் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைரவன் கைபேசியை மைக்கின் வாயில் வைத்து அழுத்தினான்.

'பெல்ட்டெல்லாம் வேண்டாம்ப்பா, மாட்டிக் கழட்டவே அரைமணி ஆயிரும். பத்து நிமிஷ வேலை. அருள்ராஜையும் கூட்டிட்டு இறங்கு. யல்லா, சீக்கிரம்.'

முரளிதரனின் குரல் கல்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. முந்நூறு பேர் கேட்டார்கள்.

பிறகு வைரவன் அதை ஸ்ரீகாந்துக்கு அனுப்பினான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அருள்ராஜுக்கு அனுப்பினான். கேம்ப் குழுவுக்கும் அனுப்பினான். காய்ந்த சேற்று விரலுக்குத் திரை சரியாக மசியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான்.

"திங்கக்கிழமை விசாரணைக்கு நானே வர்றேன் சார்," என்றான் ஸ்ரீகாந்திடம். "எனக்குப் புத்தி கலங்கியிருக்குன்னு எழுதின தாளையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. அதை முதல்ல படிக்கட்டும். அப்புறம் நான் பேசுறேன்."