பின்னறைக்காரர் தந்த சம்மதம்

விற்பனைப் படிவத்தில், வீட்டில் வேறு யார் வசிக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஹேசல் முந்தின நாள் 'யாருமில்லை' என்றுதான் பதில் போட்டிருந்தாள். மறுநாள் காலை தேநீர்க் கோப்பையோடு மடிக்கணினியைத் திறந்தபோது அந்தக் கட்டத்தில் 'ஒருவர்' என்று இருந்தது.

கை தவறித் தட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். அறுபத்தொரு வயதில் கண்ணும் விரலும் ஒன்றையொன்று ஏமாற்றுவது புதிதில்லை. இங்கிலாந்தின் கீத்லி ஊரில், மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய கல் வீடுகளில் ஒன்றை விற்றுவிட்டு, கடலோரம் ஃபைலியில் ஒரு சின்னப் புது வீட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். பத்திர வேலைக்கு டவுனில் வக்கீல்கள் இருந்தார்கள். அவளோ இணையத்தில் ஒரு நிறுவனத்தைப் பிடித்திருந்தாள். படிவம் எல்லாம் திரையிலேயே வரும், நிரப்பலாம், கட்டத்தில் தட்டலாம், கையெழுத்தையும் விரலாலேயே போட்டுவிடலாம். எதிரே உட்கார்ந்து ஒருவர் 'முப்பது வருஷம் இருந்த வீட்டை ஏன்மா விக்கிறீங்க?' என்று கேட்கமாட்டார். அந்த ஒரு வசதிக்காகவே இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

'ஒருவர்' என்பதன் மேல் அழுத்தினாள். விவரம் விரிந்தது.

கிளிஃபர்ட் பூத்ராய்ட். வயது எழுபத்துமூன்று. பின்பக்கப் படுக்கையறை.

பூத்ராய்ட் செத்து இரண்டு வருடம் ஆகிறது. சாகும்போது அவருக்கு எழுபத்தொன்று.

பன்னிரண்டு வருடம் அந்தப் பின்னறையில் வாடகைக்கு இருந்த மனிதர். மோசமானவர் என்று சொல்ல முடியாது, ஆனால் பிடுங்கல். தேநீர் வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், கொஞ்ச நேரம் பேச்சுத்துணைக்கு உட்கார வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது? ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை அவர் சுவரைத் தட்டினார். 'ஹேசல்' என்று கூப்பிட்டார். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். திங்கட்கிழமையும் தட்டினார், மெதுவாக. செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோது தரைவிரிப்பில் கிடந்தார். ஞாயிறு காலையிலிருந்தே சத்தமில்லை என்று போலீஸிடம் சொன்னாள். அவர்களும் நம்பிவிட்டார்கள்.

அவர்தான் நம்பவில்லை போலிருந்தது. அந்த வாரத்திலிருந்தே மாடிப் பக்கம் அவளால் படுக்க முடியவில்லை. பூட்டிய அறைக்குள் கட்டில் கம்பி முனகும். அவர் மார்பில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை படிக்கட்டில் பாதி தூரம் இறங்கி வந்து நிற்கும். இரண்டு வருடமாகக் கூடத்து நாற்காலியில்தான் தூக்கம், அதுவும் விளக்கை அணைக்காமல். அதனால்தான் ஃபைலி. அதுவும் புத்தம்புது வீடு. இதுவரை யாரும் வாழாத, அதனால் யாரும் சாகாத வீடு. உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் கட்டுமானக்காரர்கள் அதை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரைக்கும்தான் அவளுக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள். அதற்குள் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் கைமாறாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் ஆளுக்குப் போய்விடும். அன்றைக்கு வியாழன்.

அவள் நிறுவனத்தைக் கூப்பிட்டாள். அவளுடைய விற்பனை வேலையைப் பார்த்துக்கொள்ளும் கெய்லா என்ற பெண் எப்போதும்போல உற்சாகமாகப் பேசினாள். பெயரில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றாள் ஹேசல். தப்பெல்லாம் இல்லை என்றாள் கெய்லா. வீட்டில் வயதுவந்தவர்கள் யார் இருந்தாலும், விற்பனை முடிகிற அன்றைக்குக் காலி பண்ணிவிடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், மிஸ்டர் பூத்ராய்ட் நேற்று மத்தியானமே கொடுத்துவிட்டாராம். அடையாளச் சோதனையும் முடிந்துவிட்டதாம்.

"என்ன சோதனை?"

"அதான் மேடம், நீங்களும் பண்ணீங்களே, போன் கேமரா முன்னாடி. அவரோடது கொஞ்சம் இருட்டாத்தான் இருந்துச்சு. தலையத் திருப்பச் சொன்னா ரொம்ப மெதுவாத் திருப்புறாரு. ஆனா கண்ணச் சிமிட்டச் சொன்னப்போ சிமிட்டினாரு. சிஸ்டம் ஏத்துக்கிச்சு."

ஹேசல் கூரையைப் பார்த்தாள். மேலே ஒன்றும் அசையவில்லை.

பெயரை எடுக்க முடியுமா என்று மறுபடி கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எடுக்கலாம், ஆனால் அப்படியானால் வாங்குகிறவர்களுடைய வக்கீல் கேள்வி கேட்பார், பதில் போக வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றாள் கெய்லா. பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பெண் மாதிரி சொன்னாள்.

"போறேன்னு சொல்றவர ஏன் மேடம் தடுக்கிறீங்க? அவரே கெளம்புறாரு. நீங்க ஒரு தட்டு தட்டினா வேலை முடிஞ்சுது."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை அவளை விடவில்லை. அவரே கிளம்புகிறார். இரண்டு வருடமாக அவள் கெஞ்சாத கெஞ்சலா? சமையலறையில் தனியாக நின்று 'போயிடுங்க மிஸ்டர் பூத்ராய்ட், மன்னிச்சிடுங்க, போயிடுங்க' என்று எத்தனை நாள் அழுதிருக்கிறாள். ஒருவேளை இப்படி முறையாகக் கேட்டதும்தான் மனிதருக்குப் புரிந்ததோ என்னவோ. உயிரோடு இருந்தபோதும் எதையும் எழுதிக் கொடுக்கச் சொல்கிற ஆள்தானே. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

திரையில் அவருடைய சம்மதப் படிவம் பதினொரு பக்கத்துக்கு நீண்டது. யார் படிப்பார்கள்? இந்த நாட்டில் ஒரு வீட்டை விற்பதற்குள் ஒரு மனுஷி எத்தனை ஆயிரம் கட்டங்களில் தட்ட வேண்டியிருக்கிறது. ஹேசல் கடைசிப் பக்கத்துக்குத் தாவினாள். 'முழுவதும் படித்தேன், உடன்படுகிறேன்' என்பதைத் தட்டினாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒப்பந்தம் கைமாறியது. சாவி கைமாற அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அந்த ஒரு வாரமும் பின்னறையில் புதுவிதமான சத்தங்கள். இழுப்பறை திறக்கும், மூடும். அலமாரியில் ஹேங்கர்கள் ஒவ்வொன்றாக உரசும். ஏதோ துணியை உதறி மடிக்கிற, பொறுமையான, வயதான கைகளின் ஓசை பட்டப்பகலில் படியிறங்கி வரும். அவள் கீழே தன் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். மூட்டை கட்டுகிறார். கட்டட்டும். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைத்து என்ன பயன்?

வெள்ளிக்கிழமை சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. வெறும் வீட்டில் நின்று காது கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. தைல வாடைகூட இல்லை. அவ்வளவு துணிச்சல் வந்தது அவளுக்கு, மாடியேறிப் பின்னறைப் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். அலமாரி திறந்து கிடந்தது. காலி ஹேங்கர்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"போய்ட்டு வாங்க மிஸ்டர் பூத்ராய்ட்," என்றாள். வாசலைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுத்தாள். பணம் வந்து சேர்ந்தது, வீட்டைக் காலியாக ஒப்படைத்தாகிவிட்டது என்று ஒரு மணி பத்துக்குச் செய்தி வந்தது.

யார்க் நகரம் தாண்டியதும் காரில் மணி அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்ற சிவப்பு விளக்கு. அவளுடைய கைப்பைதான், வேறென்ன? எடுத்துக் காலடியில் போட்டாள். மணி நிற்கவில்லை. வைப்பரின் முனகலும் ஈரச் சாலையின் இரைச்சலும் அந்த மணியும் சேர்ந்து தலைக்குள் புகுந்தன. பக்கத்தில் திரும்பாமல் சாலையையே பார்த்து ஓட்டினாள். மூன்று மைல். நான்கு மைல்.

கிளிக்.

மணி நின்றது.

எங்கும் நிறுத்தவில்லை. எப்படி ஓட்டினாள், எந்தத் திருப்பத்தில் திரும்பினாள், தெரியாது. ஃபைலியில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கட்டுமான மேலாளர், மழைச்சட்டை போட்ட பெரிய மனிதர், வாசலிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, தரைவிரிப்பு அழுக்காகாமல் இருக்க மேலே கண்ணாடிப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது, சாமான் எல்லாம் இறக்கின பிறகு உரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்னால் கிளம்பிய சாமான் வண்டி மழையில் எங்கோ மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்தாள். பெயிண்ட் வாசனை. மரத்தூள் வாசனை. வேறு எதுவும் இல்லை.

போன் அடித்தது. கெய்லா வாழ்த்துச் சொன்னாள். புது வீட்டில் வசிப்பவர் விவரத்தையும் பதிந்தாகிவிட்டது என்றாள், இரண்டு பேர்.

"ரெண்டு பேரா?"

"ஆமா மேடம். காலி பண்ணிட்டு எங்க போறீங்கன்னு அவர் படிவத்துல ஒரு கேள்வி இருக்கே, ஏழாம் பக்கம். உங்களோட ஃபைலிக்குன்னு எழுதியிருந்தாரு. கடைசி வரைக்கும் கூட இருப்பேன்னு. நீங்கதான் உடன்பட்டுத் தட்டியிருக்கீங்க."

வீட்டுக்குள் ஏதோ சரசரத்தது.

நடையின் கோடியில் பின்னறை. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ஓட வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கே ஓடுவாள்? கீத்லியில் வேறு யாரோ குடியேறிக்கொண்டிருப்பார்கள். இதுதான் அவள் வீடு. இது ஒன்றுதான்.

ஓர் அடி. இன்னோர் அடி.

சரசரப்பு. நிற்கிறது. மறுபடி சரசரப்பு.

கதவைத் தள்ளினாள். வெற்று அறை. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். புதுத் தரைவிரிப்பின் மேல், சுவரிலிருந்து சுவர்வரை, அந்தக் கண்ணாடித் தாள்.

அறையின் நடுவில் தாள் உயர்ந்திருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு. தோள். விலா. மடங்கிய முழங்கால். அடியில் ஒன்றுமே இல்லை, விரிப்பின் நிறம் தெரிந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

தலை இருக்க வேண்டிய இடத்தில் தாள் உள்ளே உறிஞ்சப்பட்டது. வாய் அளவுக்கு ஒரு குழி. பிறகு வெளியே உப்பியது. உள்ளே. வெளியே. வேகமாக. இன்னும் வேகமாக. தாளைச் சுவரோரம் ஒட்டியிருந்த பட்டி ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்லப் பிரிந்துகொண்டு வந்தது.