மூடுவதற்கு முன் ஒரு கையெழுத்து

அலாரம் அலறியதில் லக்ஷ்மிப்ரியாவின் சிவப்புப் பேனா துள்ளி, வரைபடத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டது.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி, தீ ஒத்திகைதான்." இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் கிருஷ்ணராசாவின் குரல். "எல்லாரும் கீழ முத்தத்துக்கு இறங்கி வாங்கோ, ஆள் எண்ணவேணும்."

"வர்றேன் அண்ணா."

லண்டனின் குரோய்டனில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றை வீடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சூடும் குளிரும் கொண்டுபோகும் தகரக் குழாய்களை, அவர்கள் பேச்சில் டக்டுகளை, பொருத்தியது கிருஷ்ணராசாவின் ஆட்கள். திட்டத்தில் நேராகப் போகும் டக்ட், நிஜத்தில் ஒரு தூணைக் கண்டால் வளைந்துதான் போகும். அந்த வளைவுகளை நேரில் பார்த்துச் சிவப்பில் வரைவது கோயம்புத்தூர்க்காரியான இவள் வேலை. இவள் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு சுவரையும் மூடமாட்டார்கள். "உள்ளுக்கு ஆள் நிக்கேக்க அடைச்சா ஆர் பதில் சொல்லுறது?" என்பார் கிருஷ்ணராசா.

ஆறாம் மாடி வரை வரைந்தவன் மாதவன். கடைசிச் சுவருக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான்.

"அண்டைக்குக் கொடுங்குளிர். எங்கட வாயெல்லாம் புகை தள்ளுது, அவருக்கு ஒரு பொட்டு வரேல்லை. மூச்சையும் மிச்சம் பிடிக்கிற மனுசன்!" என்று கிருஷ்ணராசா சொல்லிச் சிரித்திருந்தார்.

அலாரம் அடித்தால் டக்டுகளுக்குள் காற்றைத் தள்ளும் காற்றாடிகள் எல்லாம் தானாக நிற்க வேண்டும். நின்றன. அலாரமும் ஓய்ந்தது. காலையிலிருந்து காதை நிறைத்திருந்த இரைச்சல் வடிந்துபோக, ஈரச் சாந்தின் வாடையும், தூரத்தில் திருப்பத்தில் கிரீச்சிடும் டிராமும், நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்ட ஜன்னல்களும், யாருமில்லாத ஏழாம் மாடியும் மட்டும் மிஞ்சின. அவள் படத்தைச் சுருட்டினாள்.

எங்கோ காற்று ஓடிக்கொண்டிருந்தது.

சுவரில் இன்னும் மூடாத திறப்புக்குள், மாடிகளை ஊடுருவி இறங்கும் இருட்டுக் குழியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். காற்றாடி ஒரு பக்கம்தான் தள்ளும். இது உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது.

கையை நீட்டித் தடவினாள். படத்தில் இல்லாத ஒரு டக்ட். வெதுவெதுப்பாக இருந்தது. பாய்லரை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

"அண்ணா, ஏழாம் மாடியில தெற்குச் சுவரோரமா ஏதாவது டக்ட் போட்டீங்களா?"

"தெற்கிலையோ? அதுக்குள்ள பூனையும் போகேலாதே."

"இங்க இருக்கே. சூடா வேற இருக்கு."

கரகரப்பு.

இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் காற்றாடிகள் மறுபடி சுழன்றால் இந்தச் சத்தம் அமுங்கிவிடும். நாளைக்குப் பலகை அடித்துச் சுவரை மூடிவிடுவார்கள். ஏதோ ஒரு குழந்தை தூங்கும் அறைக்குள் எங்கிருந்து காற்று வருகிறதென்று யாருக்கும் தெரியாமலே போகும். கையெழுத்துப் போட வேண்டியவளே தான்தானே, அதற்கு முன்னால் சுவரை யார் மூடப் போகிறார்கள்? டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு உள்ளே நுழைந்து, இரும்பு ஏணியில் கால் வைத்தாள்.

கீழே போகப் போகக் குளிர் குறைந்தது. நனைந்த கம்பளியின் வாடை. தூங்கி எழுந்த வாயின் வாடை. தகரத்தின் மேல் சிவப்பில் ஓர் அம்புக்குறி, வாலில் சின்னச் சுழியோடு. மாதவனின் படங்களிலெல்லாம் அவள் பார்த்த அதே சுழி. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

தொட்டாள். மை விரலில் ஒட்டியது.

ஏணி முடிந்த தட்டில் ஒரு வெள்ளைத் தலைக்கவசம் கிடந்தது. பக்கத்தில் டக்டின் திறந்த வாய். அதிலிருந்து வெண்ணிற ஆவி குபுக்கென்று வந்தது. உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி வந்தது.

"மாதவன்?"

டக்டுக்குள் ஓடிய மூச்சு நின்றது.

தகரத்தின் உள்ளிருந்து விரல்கள் நீண்டன. தூசியேறி வெளுத்தவை. சிவப்புப் பேனாவைப் பிடித்திருந்தன. மெதுவாக, மிக நேர்த்தியாக, விளிம்பில் ஓர் அம்புக்குறி வரைந்தன. வாலில் சுழி.

முனை அவளைக் காட்டியது.

அவள் ஏணியைப் பற்றி ஏறினாள். ஒரு படி. இன்னொரு படி. மேலே திறப்பின் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. பிறகு ஒரு கீற்று. பிறகு அதுவும் இல்லை.

டிரில். ஒரு திருகாணி. இன்னொன்று.

"நிறுத்துங்க! உள்ள நான் இருக்கேன்!" உச்சிப் படிக்கு ஏறி, திறப்பை மூடிய பலகையில் அறைந்தாள். டிரில் சத்தத்தில் அது அவள் காதுக்கே எட்டவில்லை. வாக்கி டாக்கியை அமுக்கினாள். "அண்ணா! சுவரை மூடுறாங்க! நான் லக்ஷ்மிப்ரியா!"

கரகரப்பு. முற்றத்துப் பேச்சொலி. பிறகு கிருஷ்ணராசாவின் சிரிப்பு.

"ஆரது பகிடி விடுறது? லக்ஷ்மிப்ரியாத் தங்கச்சி இஞ்ச எனக்குப் பக்கத்திலதானே நிக்கிறா, இப்பதான் கையெழுத்தும் வைச்சவ. பாவம் பிள்ளை, இந்தக் குளிருக்க வாயால ஒரு பொட்டுப் புகையும் வரேல்லை."