இருபத்திரண்டாம் கொக்கி

பதினான்காம் எண் முகக்கவசத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தது.

மூன்று மணி நேரம் ஆவியில் தொங்கி, அதற்குப் பிறகு சூடான காற்றிலும் காய்ந்து வெளியே வருவதில் ஈரம் இருக்க வழியே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் முகத்திலிருந்து கழற்றிக் கொடுத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது. அது எக்ஸ்ரே எடுப்பவருடையது. அவர் இறந்து நான்கு நாள் ஆகிறது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த அறைக்கு அவள் ஒருத்திதான். மேலே எல்லோரும் அவளை ‘மாஸ்க் அக்கா’ என்பார்கள். காகிதப் பைகளில் வரும் பழைய முகக்கவசங்களை எண் பார்த்துக் கொக்கிகளில் மாட்டி, கண்ணாடிக் கதவைப் பூட்டி, கிருமி கொல்லும் ஆவியைத் திறந்துவிட வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு. ஐந்து கோடு ஆனால் குப்பைக்கு. புதியவை வருவது நின்றுபோனதிலிருந்து, செத்தவர்களுடையதையும் சுத்தம் செய்து வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர்.

அந்தக் கோடுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. பத்து நாளைக்கு முன்பு, சுற்று பாதியில் இருக்கும்போது இயந்திரம் நின்றுபோனது. முதலிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் மூன்று மணி நேரம். வார்டிலிருந்து போனுக்கு மேல் போன். விடிந்ததிலிருந்து நின்று கால் வேறு வீங்கியிருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று எல்லாவற்றிலும் கோடு போட்டு மேலே அனுப்பிவிட்டாள். எக்ஸ்ரே எடுப்பவர் போய்ச் சேர்ந்தார். முப்பத்தொன்றாம் எண்ணான பெரிய நர்ஸ் நேற்றுப் போனார். இருபத்திரண்டாம் எண் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. அவளும் நர்ஸ்தான். இரண்டு நாளாக, தான் வேலை பார்த்த வார்டிலேயே ஆக்சிஜனோடு படுத்திருக்கிறாள். அக்கா இன்னும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறென்ன.

பதினான்கைத் திரும்பவும் அதன் கொக்கியில் மாட்டினாள். காலையில் வந்த பைகளில் முப்பத்தொன்றும் இருந்தது. தங்கையுடையதும் இருந்தது, அதைக் கடைசியாக மாட்டினாள். கதவைப் பூட்டி ஆவியைத் திறந்தாள். மூக்கை அறுக்கும் மருந்து நெடி எங்கிருந்தோ கசிந்து தொண்டை வரைக்கும் இறங்கியது, குழாய்கள் சீறின, அந்தச் சீறலுக்கு அடியில் காகிதத்தை யாரோ மெதுவாகக் கசக்கிக் கசக்கி விரிப்பதுபோல இன்னொரு சத்தமும் கேட்டது. மின்விசிறியாக இருக்கும் என்று அதை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

பதினான்கு உள்ளே ஒடுங்கியது. உப்பியது. மறுபடி ஒடுங்கியது. அதன் பட்டைகள் தொங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத தலையைச் சுற்றியதுபோல விறைப்பாகப் பின்னால் இழுபட்டிருந்தன. கொஞ்சம் தள்ளி முப்பத்தொன்றும் அப்படித்தான். மற்றவை எல்லாம் அசையாமல் தொங்கின. இருபத்திரண்டு அசையவில்லை. அசையவில்லை, அசையவில்லை என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“என்னக்கா, வேலை நேரத்துல?” தங்கையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

“சும்மாதான்டி. உன் குரலக் கேக்கணும்போல இருந்துச்சு.”

“நீ சும்மா போன் பண்ற ஆளா?” சிரிக்கப் பார்த்து இருமினாள். “மாஸ்க் அக்கா அழுறாங்கன்னு வார்டு பூரா சொல்லிடுவேன், பாத்துக்கோ.”

இனியும் மறைக்க அவளால் முடியவில்லை.

“அன்னைக்கு மெஷின் பாதியில நின்னுடுச்சுடி. நான் முழுசா முடிஞ்ச மாதிரி கோடு போட்டுட்டேன். உன்னோடதும் அதுல இருந்துச்சு.”

கரகரவென்று மூச்சு மட்டும் கேட்டது.

“கேக்குதா?”

“ம்.”

அவ்வளவுதான். திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருபத்திரண்டையே பார்த்தாள். அது அசையாதவரைக்கும் ஒன்றும் ஆகாது. காதில் ஒரு மூச்சு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு மூச்சு. அதைவிட நீண்ட இடைவெளி.

இன்னொன்று.

காத்திருந்தாள்.

வரவில்லை. தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போனுக்குள் எங்கோ யாரோ ஓடிவரும் காலடி. ஏதோ கருவி விடாமல் கத்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டின் பட்டைகள் மெல்ல எழுந்து, பின்னால் இழுபட்டு விறைத்தன. முகக்கவசம் உள்ளே ஒடுங்கியது. உப்பியது. பிறகு, கொக்கியில் இருந்தபடியே, அவள் நின்றிருந்த பக்கம் திரும்பியது.